ஆண்டர்சனா, ஆல்டோவா, அமாண்டாவா? பிரேசில் ஃபைட்டர்ல ஆல் டைம் பெஸ்ட் யாரு, ஒரு முடிவுக்கு வந்தாச்சு

அமெரிக்காவுல சனிக்கிழமை ராத்திரி நடக்குற எம்எம்ஏ ஃபைட்டு (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து கூண்டுக்குள்ள போடுற சண்டை) நமக்கு ஞாயித்துக்கிழமை காலைல தான் வரும். காலை டிபன் நேரத்துல மெயின் கார்டு, அதாவது பெரிய ஃபைட்டுங்க வரும், வீட்ல எல்லாரும் இட்லி சாப்டுட்டு இருப்பாங்க, நான் மட்டும் ஃபோனை தண்ணி சொம்புல சாய்ச்சு வெச்சுட்டு எவன் மூக்கு உடையுதுன்னு பாத்துட்டு இருப்பேன். 2011-ல இருந்து எனக்கு ஞாயித்துக்கிழமைன்னா இதான். அப்பலேருந்து என் ஃப்ரெண்டு ஒருத்தன் கூட ஒரே சண்டையும் தான், பிரேசில்லேருந்து வந்த ஃபைட்டர்ல எல்லா காலத்துக்கும் பெரிய ஆளு யாரு. அவன் கண்ண மூடிட்டு ஆண்டர்சன் சில்வாம்பான். நானும் ரொம்ப நாள் அதே தான் சொல்லிட்டு இருந்தேன், இப்ப மாத்திட்டேன், ஏன் மாத்துனேன்னு ஒரு தடவையாவது முழுசா எழுதி வெச்சுடலாம்னு தான் இது.

மத்த நாட்டுக்கு இந்த கேள்வி இவ்ளோ குழப்பாது. ரஷ்யான்னா ஃபெடோரா கபீபான்னு ரெண்டு பேருக்குள்ள முடிஞ்சுடும். பிரேசில்ல ஒரு கைய நீட்டி எண்ண ஆரம்பிச்சா ரெண்டு கை விரலும் பத்தாது, கிரேசி, மினோட்டாரோ, வாண்டர்லே, ஷோகன், பெல்ஃபோர்ட், மச்சிடா, வெர்டூம், சைபோர்க், ஒலிவேரா, பெரேரான்னு போய்ட்டே இருக்கும். அதனால முதல்ல கணக்கு என்னன்னு முடிவு பண்ணணும். எனக்கு மூணே விஷயம். யாரை ஜெயிச்சாங்க, அதுவும் அந்த ஆளு நல்ல ஃபார்ம்ல இருந்தப்பவா இல்ல தேஞ்சு போன அப்புறமா. எவ்ளோ நாள் மேலயே நின்னாங்க. கீழ விழுந்ததுக்கு அப்புறம் என்ன பண்ணாங்க. இந்த மூணாவத யாரும் கண்டுக்க மாட்டேங்குறாங்க, எனக்கு இப்பல்லாம் அதான் ரொம்ப முக்கியமா படுது.

ராய்ஸ் கிரேசில இருந்து ஆரம்பிக்கலாம், அவரை விட்டுட்டு பேசுனா சாமி குத்தம். 1993 நவம்பர் 12, டென்வர், எம்எம்ஏவோட பெரிய அமைப்பான யூஎஃப்சியோட முதல் போட்டி. வெயிட் கிளாஸ் கிடையாது, ரவுண்டு கணக்கு பேருக்கு தான், 80 கிலோ கூட தேறுமான்னு டவுட்டா இருக்குற ஒரு ஒல்லி பையன் வெள்ளை கீ (ஜியு ஜிட்சு உடுப்பு) போட்டுட்டு உள்ள வர்றாரு. ஒரே ராத்திரில மூணு பேரை முடிச்சாரு. முதல் ஆளு ஆர்ட் ஜிம்மர்சன்னு ஒரு பாக்ஸர், ஒரு கைல மட்டும் கிளவ் மாட்டிட்டு வந்து, கீழ தள்ளி மேல ஏறி உக்காந்ததுமே என்ன பண்றதுன்னே தெரியாம டேப் பண்ணிட்டாரு (தோத்துட்டேன்னு கையால தட்டுறது), ராய்ஸ் ஒரு லாக்கு கூட போடல. குடும்பத்துல ரிக்சன் தான் பெரிய கில்லாடின்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா பலசாலியா தெரியாத ஒருத்தன் ஜெயிச்சா தான் தரைல பிடி போட்டு ஜெயிக்கிற ஜியு ஜிட்சு கலையோட மகிமை தெரியும்னு அண்ணன் ரோரியன் வேணும்னே ராய்ஸை இறக்கி விட்டாரு. செம்ம மார்க்கெட்டிங் மூளை. ஆனா அன்னிக்கு எதிர்ல நின்னவங்க நிறைய பேருக்கு தரைல விழுந்தா என்ன பண்ணணும்னே தெரியாது, பாடமே நடத்தாத பரீட்சையில ஒருத்தர் மட்டும் புக்கு வெச்சு எழுதுன மாதிரி. மத்தவங்களும் படிச்சுட்டு வந்ததும் 2000-ல டோக்கியோல ஜப்பான் ஃபைட்டர் சகுராபா கூட 90 நிமிஷம் சண்டை போட்டு, கார்னர்லேருந்து அவரு ஆளுங்களே போதும்னு துண்டை போட வேண்டியதாச்சு, 2006-ல மாட் ஹியூஸ் ஒரே ரவுண்டுல முடிச்சுட்டாரு. என்னை கேட்டா இவரு பிள்ளையார் மாதிரி, முதல் பூஜை அவருக்கு தான், ஆனா கருவறைல இருக்குற மூலவர் வேற.

மினோட்டாரோ நோகுவேராவை தள்ளி வைக்க மனசே வரல. சின்ன பையனா இருக்கப்ப லாரி ஏறி கோமால கெடந்து மாசக்கணக்குல ஆஸ்பத்திரில இருந்து எழுந்து வந்த மனுஷன், முதுகுல அந்த பள்ளம் இன்னும் இருக்கு, கேமரா பின்னாடி போறப்பல்லாம் தெரியும். 2002-ல பாப் சாப்னு 170 கிலோ மலை ஒண்ணு ஆரம்பத்துலயே அவரை தலைகீழா தூக்கி தரைல குத்துச்சு, பாக்குற நமக்கே கழுத்து வலிக்கும், அதையும் வாங்கிட்டு ரெண்டாவது ரவுண்டுல ஆர்ம்பார் (கையை முறிக்கிற பிடி) போட்டு முடிச்சாரு. ஜப்பானோட பிரைட் அமைப்புலயும் பெல்ட், யூஎஃப்சிலயும் இன்டரிம் (தற்காலிக) பெல்ட். ஆனா ஃபெடோர் இருந்த காலத்துல ஹெவிவெயிட்டா இருந்தது தான் அவர் தலையெழுத்து. வெர்டூமை எல்லாரும் மறந்துடுறாங்க. ஃபெடோர், மினோட்டாரோ, கெய்ன் வெலாஸ்கேஸ் மூணு பேரையும் சப்மிட் பண்ணவரு (பிடி போட்டு டேப் பண்ண வெச்சவரு), ஃபெடோரை 2010-ல 69 செகண்டுல. பேப்பர்ல எழுதி வெச்சு பாத்தா பெரிய ரெஸ்யூமே தான். ஆனா யூஎஃப்சி பெல்ட்டை ஜெயிச்சு முதல் டிஃபென்ஸ்லயே (பெல்ட்டை காப்பாத்துற ஃபைட்டு) சொந்த நாட்டுல குரிச்சிபால மியோசிச் கிட்ட நாக்அவுட் ஆனாரு. மேல நின்ன நாள் கம்மி.

இந்த காலத்து ஆளுங்கள்ல ஒலிவேரா எனக்கு ரொம்ப புடிக்கும், யூஎஃப்சில அதிக சப்மிஷன் ரெக்கார்டு அவரோடது, ஆனா முழு சாம்பியனா இருந்தது ஒரு வருஷம் தான், அதுவும் அரை பவுண்டு வெயிட்டு கூட வந்து தராசு மேலயே பெல்ட்டு போச்சு. பெரேரா டயர் கடைல வேலை பாத்த ஆளு, யூஎஃப்சில நாலாவது ஃபைட்டுலயே பெல்ட்டு, ஏழாவது ஃபைட்டுல ரெண்டாவது வெயிட்லயும் பெல்ட்டு. அவரு கணக்கு இன்னும் முடியல, இப்பவே மார்க்கு போடுறது தப்பு.

சரி, நிஜமான போட்டி மூணு பேருக்குள்ள தான்.

ஆண்டர்சன் சில்வா. நான் முதல் முதல்ல பாத்த ஃபைட்டே அவரோடது தான், 2011 பிப்ரவரி, பெல்ஃபோர்ட் கூட. ரெண்டு பேரும் மூணு நிமிஷத்துக்கு பெருசா ஒண்ணும் பண்ணல, நான் எழுந்து காபி எடுக்க போலாமான்னு யோசிச்சேன், அப்ப காலை நேரா மேல விட்டாரு பாருங்க, தாடைல. பெல்ஃபோர்ட் அப்டியே சரிஞ்சாரு. அந்த மாதிரி ஃபிரண்ட் கிக்ல ஒரு டைட்டில் ஃபைட்டு முடியும்னு அதுக்கு முன்னாடி யாராவது சொல்லிருந்தா சிரிச்சிருப்பாங்க. 2006-ல ரிச் ஃபிராங்க்ளினை கிளின்ச்ல (கழுத்தோட கட்டிப்) புடிச்சு முட்டிலயே மூஞ்ச பேத்து பெல்ட்டு வாங்கி, 2013 வரைக்கும் யூஎஃப்சில தொடர்ந்து 16 வெற்றி, 10 டிஃபென்ஸ். நடுவுல லைட் ஹெவிவெயிட்டுக்கு போய் ஃபாரஸ்ட் கிரிஃபின்னு முன்னாள் சாம்பியன் ஒருத்தரை பின்னாடி நடந்துட்டே ஒரு ஜாப்ல (முன் கையால விடுற நேர் குத்து) படுக்க வெச்சாரு. உச்சம்னு மட்டும் கேட்டா, அந்த ஏழு வருஷ ஆண்டர்சன் மாதிரி இன்னொருத்தர் கிடையாது, இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

சோனன் ஃபைட்டு தான் அவரோட மகுடம். 2010 ஆகஸ்டு, ஓக்லண்டு. ஏற்கனவே விலா எலும்புல அடி, நாலு ரவுண்டும் சோனன் கீழ போட்டு துவைச்சு எடுத்தாரு, மொத்தம் 300 அடிக்கு மேல. அஞ்சாவது ரவுண்டுல ரெண்டு நிமிஷம் கூட பாக்கி இல்ல, அப்பவும் ஆண்டர்சன் கீழ தான் கெடக்குறாரு, பெல்ட்டு போச்சுன்னு எல்லாரும் முடிவு கட்டியாச்சு, திடீர்னு காலை கழுத்துல சுத்தி ட்ரையாங்கிள், கூடவே கையையும் புடிச்சு இழுத்தாரு, சோனன் டேப் பண்ணிட்டாரு. நான் அதை பல தடவை ரீப்ளே பாத்திருக்கேன், ஒவ்வொரு தடவையும் இந்த வாட்டி தோத்துடுவாரோன்னு தோணும்.

அப்புறம் ஏன் இறக்குனேன்? முதல் காரணம், அந்த 10 டிஃபென்ஸ்ல இருக்குற பேரை வரிசையா படிச்சு பாருங்க. ஹெண்டர்சன், மார்க்வார்ட், ஃபிராங்க்ளின், சோனன், சரி. பாட்ரிக் கோட்டே முட்டி போய் தானா விழுந்தாரு. தாலெஸ் லெய்ட்டஸ், டெமியன் மாயா ரெண்டு ஃபைட்லயும் ஆண்டர்சன் ஆடுன ஆட்டத்துக்கு ஆடியன்ஸே ஊ ஊன்னு கத்துனாங்க, அபுதாபில நடந்த மாயா ஃபைட்டுல யூஎஃப்சி தலைவர் டானா வைட்டு பாதிலயே எழுந்து போய்ட்டாரு. அப்ப மிடில்வெயிட்ல ஆழம் கம்மி, அது ஆண்டர்சனோட தப்பு இல்ல தான், ஆனா கணக்குல வரும்ல. ரெண்டாவது, 2013-ல வைட்மேன் முன்னாடி கையை கீழ தொங்க விட்டு வேடிக்கை காட்டி நாக்அவுட் ஆனாரே, அதுக்கு அப்புறம் யூஎஃப்சில அவரு ஜெயிச்சதா நிக்கிறது ஒரே ஒரு ஃபைட்டு, அதுவும் பாக்குறவங்களுக்கே அரைகுறை ஜட்ஜ்மென்டு. ரெண்டாவது வைட்மேன் ஃபைட்டுல கால் உடைஞ்சுது, அதை நான் இன்னும் முழுசா கண்ண தொறந்து பாத்ததில்ல. திரும்பி வந்து நிக் டயஸை ஜெயிச்சாரு, டெஸ்ட்ல ஸ்டீராய்டு மாட்டி அந்த வெற்றியையும் எடுத்துட்டாங்க. 2017-ல இன்னொரு தடவை மாட்டுனாரு, அது கலப்பட மருந்துனாலன்னு விசாரிச்சவங்களே ஒத்துக்கிட்டாங்க, அதனால அதை விட்டுடலாம். பெல்ட்டு வெச்சிருந்த காலத்துல எதுலயும் மாட்டலன்னும் சொல்லிடணும். ஆனா 2015-ல நடந்தத என்னால துடைச்சு விட முடியல. சோறு நல்லா தான் இருக்கு, ஒரு கல்லு கடிச்சுடுச்சு.

அமாண்டா நூனெஸ் பேரை எடுத்தாலே பசங்க பாதி பேரு ஸ்கிப் பண்ணிடுவானுங்க, அதான் பிரச்சினையே. பாஹியால பொஜுகான்னு ஒரு சின்ன ஊரு, சால்வடார் வந்து ஜிம்லயே படுத்து தூங்கி பழகுனவங்க. 2016-ல மீஷா டேட்டை முதல் ரவுண்டுல முடிச்சு பெல்ட்டு. டிசம்பர்ல ரோண்டா ரௌசி, 48 செகண்டு. கார்னர்லேருந்து கோச்சு தலையை ஆட்டு தலையை ஆட்டுன்னு கத்துறாரு, ரௌசியோட தலை தானா தான் ஆடிட்டு இருக்கு. 2018 டிசம்பர்ல சைபோர்க். இத கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா சைபோர்க் 13 வருஷமா தோத்ததே இல்ல, எதிர்ல நிக்கவே பயந்து ஆளுங்க கிடைக்காம இருந்த பொண்ணு. அமாண்டா பின்னாடி ஒரு அடி கூட போகல, சைபோர்க் வீசுன கைக்கு நடுவுல தன்னோட ரைட் கையை விட்டுட்டே இருந்தாங்க, 51 செகண்டுல சைபோர்க் மூஞ்சி தரைல. ரெண்டு வெயிட்ல ஒரே நேரத்துல பெல்ட்டு வெச்ச முதல் பொண்ணு.

அவங்களுக்கு முன்னாடி யூஎஃப்சில பேன்டம்வெயிட் (135 பவுண்டு), ஃபெதர்வெயிட் (145 பவுண்டு) இந்த ரெண்டுல ஏதாவது ஒண்ணுல சாம்பியனா இருந்த பொண்ணுங்க அஞ்சு பேரு, ரௌசி, ஹோம், டேட், டி ரான்டமி, சைபோர்க். அஞ்சு பேரையும் அடிச்சாச்சு. ஃப்ளைவெயிட்டை வருஷக்கணக்குல ஆண்ட ஷெவ்சென்கோவை ரெண்டு தடவை. இப்படி ஒரு லிஸ்ட்டு ஆண்டர்சனுக்கும் இல்ல ஆல்டோவுக்கும் இல்ல. 2021-ல பேன்யா கிட்ட மூச்சு வாங்கி தோத்தாங்க, அடுத்த வருஷமே சவுத்பாவா (இடது கைக்காரங்க நிக்கிற மாதிரி) ஸ்டான்ஸ் மாத்திட்டு வந்து ரெண்டாவது ரவுண்டுல மட்டும் மூணு தடவை கீழ போட்டு பெல்ட்டை திருப்பி எடுத்தாங்க. நான் சொன்னேன்ல மூணாவது விஷயம், விழுந்த அப்புறம் என்ன பண்ணாங்கன்னு, அதுக்கு ஃபுல் மார்க்கு.

என்ன இடிக்குதுன்னா அந்த ஃபெதர்வெயிட்டு டிவிஷன். அதுக்கு ரேங்கிங்கே இருந்ததில்ல, அந்தளவுக்கு ஆளே இல்லாம இருந்துச்சு, அங்க ரெண்டு டிஃபென்ஸ் பண்ணது குண்டுசட்டில குதிரை ஓட்டுன மாதிரி தான். ரௌசியும் ஹோம் கிட்ட அடி வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல வெளில இருந்துட்டு வந்தவங்க. ஷெவ்சென்கோ கூட நடந்த ரெண்டாவது ஃபைட்டு யாருக்கு வேணா போயிருக்கலாம். இதை சொன்னதுக்கு என் தங்கச்சி, அப்ப ஆண்டர்சன் டிவிஷன்லயும் ஆழம் இல்லன்னு சொன்னியே, அவருக்கு மட்டும் ஏன் இத்தனை வருஷம் முதல் இடம் குடுத்தேன்னு கேட்டா. பதில் சொல்ல முடியல. அவ கேட்ட அன்னிக்கு தான் என் லிஸ்ட்ல அமாண்டா ஆண்டர்சனுக்கு மேல போனாங்க, இன்னிவரைக்கும் அங்க தான் இருக்காங்க.

இப்ப ஜோசே ஆல்டோ. மனாஸ் ஊரு, சின்ன வயசுல அடுப்பு கம்பி சுட்ட தழும்பு இன்னும் கன்னத்துல இருக்கு. ரியோவுக்கு வந்து நோவா உனியாவ் ஜிம்ல தங்கி, சாப்பாட்டுக்கே அல்லாடி வளர்ந்தவரு. 2009-ல கப் ஸ்வான்சனை ரெண்டு பறக்குற முட்டில 8 செகண்டுல முடிச்சாரு, அதே வருஷம் டபிள்யூஇசிங்கற இன்னொரு எம்எம்ஏ அமைப்போட பெல்ட்டு. அப்புறம் அந்த டிவிஷனையே யூஎஃப்சி எடுத்துக்கிச்சு, முதல் சாம்பியனும் இவரே. ரெண்டையும் சேத்து 9 டிஃபென்ஸ். ஃபேபர், ஃபிராங்கி எட்கர், கொரியன் ஸோம்பி, லாமாஸ், ரெண்டு தடவை சாட் மெண்டஸ், இதுல பாதி பேரு அப்ப உலகத்துல ரெண்டாவது மூணாவது ரேங்க்ல இருந்தவங்க, தேஞ்ச ஆளுங்க இல்ல. 2005 கடைசில ஒரு தோல்வி, அதுக்கு அப்புறம் 2015 டிசம்பர் வரைக்கும், பத்து வருஷம், தோல்வியே கிடையாது.

ஒரே ஒரு ஃபைட்டு பாக்கணும்னா ஃபேபர் ஃபைட்டை பாருங்க. 2010 ஏப்ரல், ஃபேபரோட சொந்த ஊரு சேக்ரமென்டோ, கூட்டம் முழுக்க அவரு பக்கம். ஆல்டோ கண்ண கூட சிமிட்டாம இடது தொடைல ஒரு கிக்கு. அப்புறம் இன்னொண்ணு. அதே எடத்துல. ஆல்டோவோட லெக் கிக்ல என்ன விசேஷம்னா அதை தனியா விட மாட்டாரு, மேல கையை காட்டி ஆளு முகத்தை மூடுற அந்த நொடில இடுப்பை முழுசா திருப்பி காலை விடுவாரு, அதனால தடுக்க நேரமே இருக்காது. அடிமேல அடி அடிச்சா அம்மியும் நகரும்பாங்க, ஃபேபரால நடக்கவே முடியல, ரவுண்டு முடிஞ்சதும் கார்னர் ஆளுங்க தூக்கிட்டு போய் ஸ்டூல்ல உக்கார வெச்சாங்க. அஞ்சு ரவுண்டும் ஃபேபர் தாங்குனாரே, அதுக்கு அவருக்கும் ஒரு சல்யூட்டு. அப்புறம் அவரோட காலு ஃபோட்டோ வெளில வந்துது, தொடைலேருந்து கணுக்கால் வரைக்கும் கத்திரிக்கா கலரு.

குறை இல்லாம இல்ல. அடிக்கடி காயம்னு ஃபைட்டை விட்டு விலகுவாரு. லீடு கிடைச்சா கடைசி ரவுண்டுல ஓய்வு எடுப்பாரு. 2012-ல ரியோல மெண்டஸை முதல் ரவுண்டு முடிய ஒரு செகண்டு இருக்கப்ப முட்டில நாக்அவுட் பண்ணிட்டு, கூண்டை தாண்டி ஓடி போய் கூட்டத்துக்குள்ள குதிச்சு ஜனங்க தோள்ல தூக்கிட்டு ஆடுன அந்த சீனு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஆனா அதுக்கு கொஞ்சம் முன்னாடி டேக்டவுன்ல (காலை வாரி கீழ தள்ளுறது) விழாம இருக்க கூண்டு கம்பியை புடிச்சாருங்கறத யாரும் சொல்ல மாட்டாங்க, நானே சொல்லிடுறேன். அப்புறம் 2015-ல மெக்ரெகர் கிட்ட நாக்அவுட், 13 செகண்டு. என் ஃப்ரெண்டு இத தான் எப்பவும் எடுத்து நீட்டுவான். ஆனைக்கும் அடி சறுக்கும்னு சொல்லி தப்பிக்க பாக்கல, அது பெரிய அடி தான், பத்து வருஷ பேரு 13 செகண்டுல மீம் ஆயிடுச்சு.

ஆனா அதுக்கு அப்புறம் நடந்தது தான் என்னை மாத்துச்சு. ஹாலோவே கிட்ட ரெண்டு தடவை நசுங்கி, ஆளு முடிஞ்சுடுச்சுன்னு நானே சொன்னேன். 2018-ல ஜெரமி ஸ்டீஃபன்ஸை ஈரல்ல ஒரே குத்துல மடக்கிட்டு அழுதாரு, குழந்தை மாதிரி. 33 வயசுல 135 பவுண்டுக்கு இறங்குறேன்னாரு, ஏற்கனவே 145-க்கு வெயிட்டு குறைக்கவே உயிரு போகும் அவருக்கு, தற்கொலைன்னு எல்லாரும் எழுதுனாங்க. அங்க போய் முதல்ல தோல்வி, பெட்ர் யான் கிட்டயும் செம்ம அடி. அதுக்கு அப்புறம் வேரா, முன்யோஸ், ராப் ஃபான்ட்னு மூணு டாப் ஆளுங்களை வரிசையா ஜெயிச்சாரு. அதுவும் பழைய ஆல்டோவா இல்ல, பாக்ஸிங்கை புதுசா கத்துக்கிட்டு, உடம்புல அடிச்சு, நிதானமா. ஆண்டர்சன் கீழ விழுந்த அப்புறம் பழைய ஆண்டர்சனை தேடிட்டே இருந்தாரு. ஆல்டோ தேடல, வேற ஆளா மாறிட்டாரு. 2022-ல ரிடையர், 2023-ல ஹால் ஆஃப் ஃபேம், 2024 மே மாசம் 37 வயசுல திரும்ப ரியோல வந்து ஜோனதன் மார்டினஸை ஜெயிச்சாரு. மார்டினஸ் யாரு தெரியுமா, லெக் கிக்குக்கே பேரு போன பையன். வாத்தியாருக்கே பாடமான்னு நான் கத்துன கத்துல பக்கத்து வீட்டுக்காரங்க என்னாச்சுன்னு கேட்டாங்க. அதுக்கு அப்புறம் ரெண்டு தோல்வி வந்து 2025-ல முழுசா நிறுத்திட்டாரு, அது வேற கதை.

அதனால என் முடிவு, ஆல்டோ ஒண்ணு, அமாண்டா ரெண்டு, ஆண்டர்சன் மூணு. ஒரே ஒரு ராத்திரி, ஒரே ஒரு ஃபைட்டு, உயிரு பணயம்னா நான் இப்பவும் 2009 ஆண்டர்சனை தான் அனுப்புவேன், அதையும் மறைக்கல. ஆனா கேள்வி ஒரு ராத்திரிய பத்தி இல்ல, 2009-லேருந்து 2024 வரைக்கும் மூணு தலைமுறை ஆளுங்க கூட, கஷ்டமான ரெண்டு வெயிட்ல, ஒரு டெஸ்ட்லயும் மாட்டாம நின்னது யாருன்னு கேட்டா எனக்கு வேற பேரு வரல. அமாண்டா திரும்ப வர்றேன்னு சொல்லிருக்காங்க, கெய்லா ஹாரிசன் 2025-ல பெல்ட்டு ஜெயிச்ச ராத்திரியே கூண்டுக்குள்ள ஏறி எதிர்ல நின்னாங்க. அந்த ஃபைட்டை ஜெயிச்சா இந்த லிஸ்ட்டை நானே கிழிச்சு போட்டுட்டு திருப்பி எழுதுவேன்.

ஃப்ரெண்டு கிட்ட இதெல்லாம் படிச்சு காட்டுனேன். ஒண்ணும் சொல்லல, பெல்ஃபோர்ட் வாங்குன கிக்கோட க்ளிப்பை மட்டும் அனுப்புனான். நான் ஃபேபரோட காலு ஃபோட்டோவை அனுப்புனேன்.